பயத்தைக் காட்டி ஜெயித்த பிரதமரா? ராபர்ட் மென்சீஸின் 18 ஆண்டு ஆட்சியும் ஆஸ்திரேலியா கொடுத்த விலையும்

1951 செப்டம்பர் 22, சனிக்கிழமை. ஆஸ்திரேலியா முழுக்க மக்கள் வாக்குச்சாவடிக்குப் போனார்கள். அன்றைக்கு யாரையும் தேர்ந்தெடுக்கும் தேர்தல் இல்லை. ஒரே ஒரு கேள்விக்கு ஆமாம் அல்லது இல்லை என்று பதில் எழுத வேண்டும். கம்யூனிஸ்ட்டுகள் விஷயத்தில் நாடாளுமன்றமே சட்டம் போட்டு நடவடிக்கை எடுக்கும் அதிகாரத்தை அரசமைப்புச் சட்டத்தில் சேர்க்கலாமா என்பதுதான் கேள்வி.

கேட்டவர் பிரதமர் ராபர்ட் மென்சீஸ். ஐந்து மாதம் முன்புதான் பொதுத் தேர்தலில் ஜெயித்திருந்தார். கொரியாவில் போர் நடந்துகொண்டிருந்தது, கம்யூனிஸ பயம் உச்சத்தில் இருந்தது. ஆரம்பக் கருத்துக்கணிப்புகள் எல்லாமே அவர் பக்கம்தான் நின்றன. ஆனால் எண்ணி முடித்தபோது ஆமாம் என்றவர்கள் 49.44 சதவீதம் மட்டுமே. சுமார் 52,000 வாக்கு வித்தியாசத்தில் பிரதமர் தோற்றுப்போனார்.

ஆஸ்திரேலியாவில் மிக நீண்ட காலம் பிரதமராக இருந்தவர் இவர்தான். மொத்தம் 18 ஆண்டுகளுக்கு மேல், அதில் 16 ஆண்டுகள் தொடர்ச்சியாக. பழமைவாத அரசியலின் தலைமகனாக ஒரு தரப்பு இன்றும் அவரைக் கொண்டாடுகிறது. எதிரியைக் காட்டி பயமுறுத்தியும், எதிர்க்கட்சியின் பிளவில் குளிர்காய்ந்தும் காலத்தை ஓட்டியவர் என்று இன்னொரு தரப்பு விமர்சிக்கிறது. இதில் எது சரி? அவர் கதையை ஆரம்பத்திலிருந்து பார்த்தால்தான் புரியும்.

யார் இந்த மென்சீஸ்?

விக்டோரியா மாநிலத்தின் ஜெபாரிட் என்ற சின்ன ஊரில் 1894 டிசம்பர் 20 அன்று பிறந்தார். அப்பாவுக்குக் கடை வியாபாரம். தாய்வழித் தாத்தா ஜான் சாம்ப்சன் சுரங்கத் தொழிலாளர் சங்கத் தலைவர். பின்னாளில் தொழிற்சங்கங்களோடு ஓயாமல் மோதிய ஒருவரின் வீட்டிலேயே ஒரு சங்கத் தலைவர் இருந்திருக்கிறார்.

வசதி கம்மி, படிப்பு ஜாஸ்தி. உதவித்தொகையிலேயே படித்து மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் சட்டத்தில் முதல் வகுப்பு வாங்கினார். 1920-ல் ‘எஞ்சினியர்ஸ் வழக்கு’ என்று பிரபலமான வழக்கில், 25 வயதில், ஒரு தொழிற்சங்கத்துக்காக உயர் நீதிமன்றத்தில் வாதாடி ஜெயித்தார். ஆஸ்திரேலியாவில் உயர் நீதிமன்றம் என்றால் நம்ம உச்ச நீதிமன்றம் மாதிரி, அந்தக் காலத்தில் அதற்கு மேல் போவது அரிதாக இருந்தது. மத்திய அரசின் அதிகாரத்தை விரிவாக்கிய அந்தத் தீர்ப்பு இன்றும் சட்டக் கல்லூரிகளில் பாடம்.

முதல் உலகப் போரின்போது அவர் வெளிநாட்டுப் படையில் சேரவில்லை. இரண்டு அண்ணன்கள் ஏற்கெனவே போயிருந்ததால், இவர் வீட்டில் இருக்கட்டும் என்பது குடும்பத்தின் முடிவு. அந்த முடிவை எதிரிகள் அவர் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்காட்டினார்கள்.

கேலிக் மொழியில் ஒரு டெஸ்ட்

விக்டோரியா மாநிலத் துணைப் பிரதமராக இருந்துவிட்டு, 1934-ல் மென்சீஸ் தேசிய நாடாளுமன்றத்துக்குள் வந்தார். வந்த கையோடு, ஜோசப் லயன்ஸ் அமைச்சரவையில் அட்டர்னி ஜெனரல் பதவி கிடைத்தது.

அதே ஆண்டு செக்கோஸ்லோவாக்கியாவைச் சேர்ந்த இடதுசாரிப் பத்திரிகையாளர் எகான் கிஷ், போர் எதிர்ப்பு மாநாட்டில் பேச ஆஸ்திரேலியா வந்தார். கப்பலைவிட்டு இறங்க அரசு அனுமதிக்கவில்லை. அவர் மேல்தளத்திலிருந்து கரைக்குக் குதித்துக் காலை உடைத்துக்கொண்டார்.

‘வெள்ளை ஆஸ்திரேலியா’ கொள்கையின் முக்கியக் கருவியாக அப்போது ஒரு மொழித் தேர்வு இருந்தது. ஏதாவது ஓர் ஐரோப்பிய மொழியில் அதிகாரி வாசிப்பதைப் பிழையில்லாமல் எழுத வேண்டும். எந்த மொழி என்பது அதிகாரியின் விருப்பம். ஆசியர்களைத் திருப்பி அனுப்பவே வைத்த ஏற்பாடு அது. கிஷ்ஷுக்குப் பல ஐரோப்பிய மொழிகள் தெரியும். அதனால் அவருக்கு ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் தேர்வு வைத்தார்கள். உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சட்டம் சொல்லும் ஐரோப்பிய மொழிக்குள் கேலிக் வராது என்று தீர்ப்பளித்தது.

கிஷ்ஷைத் தடுக்கும் முடிவுக்குச் சட்டரீதியாகத் தோள் கொடுத்தவர் மென்சீஸ். பிடிக்காத கருத்து சொல்பவரைப் பதில் சொல்லிச் சமாளிக்காமல் வாசலிலேயே தடுக்கும் பழக்கம் இங்கேயே தெரிய ஆரம்பித்துவிட்டது என்பது விமர்சகர்கள் பார்வை.

கப்பலில் ஏறாத இரும்பு

1938 நவம்பரில் போர்ட் கெம்ப்ளா துறைமுகத் தொழிலாளர்கள், ஜப்பானுக்குப் போகும் டால்ஃப்ராம் என்ற கப்பலில் பிக் அயர்ன் எனப்படும் கச்சா இரும்பை ஏற்ற மறுத்தார்கள். சீனாவில் ஜப்பான் நடத்திய படுகொலைகள் உலகையே உலுக்கியிருந்த நேரம். இந்த இரும்பு குண்டாக மாறிச் சீனர்கள் தலையில் விழும், நாளைக்கு நம் தலையிலும் விழலாம் என்பது அவர்கள் வாதம்.

வெளியுறவுக் கொள்கையை முடிவு செய்வது அரசாங்கம்தான், தொழிற்சங்கம் அல்ல என்றார் மென்சீஸ். வேலை செய்ய உரிமம் கட்டாயம் என்ற சட்டத்தைக் காட்டித் தொழிலாளர்களுக்கு நெருக்கடி கொடுத்தார். 1939 ஜனவரியில் போராட்டம் முடிந்து இரும்பு கப்பல் ஏறியது. அவருக்கோ ‘பிக் அயர்ன் பாப்’ என்ற பட்டப்பெயர் சாகும்வரை ஒட்டிக்கொண்டது. மூன்றே ஆண்டுகளில் ஜப்பானிய விமானங்கள் டார்வின் நகரத்தின் மீது குண்டு வீசின. அந்தப் பெயர் மறக்கப்படாமல் போனதற்கு அதுவும் காரணம்.

முதல் இன்னிங்ஸ் ஏன் பாதியில் முடிஞ்சது?

1939 ஏப்ரலில் பிரதமர் லயன்ஸ் பதவியில் இருக்கும்போதே இறந்தார். மென்சீஸ் பிரதமரானார். கூட்டணிக் கட்சித் தலைவர் ஏர்ல் பேஜ், போருக்குப் போகாதவரின் கீழ் வேலை செய்ய முடியாது என்று நாடாளுமன்றத்திலேயே தாக்கிவிட்டு விலகிக்கொண்டார்.

அந்த ஆண்டு செப்டம்பர் 3 அன்று, பிரிட்டன் போரில் இறங்கியதால் ஆஸ்திரேலியாவும் போரில் இருக்கிறது என்று வானொலியில் அறிவித்தார். 1940-ல் போர்க்கால விதிகளைப் பயன்படுத்திக் கம்யூனிஸ்ட் கட்சியைத் தடை செய்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் கான்பெர்ரா விமான விபத்தில் மூன்று அமைச்சர்களை இழந்தார். அடுத்து வந்த தேர்தலில் பெரும்பான்மையும் போய், இரண்டு சுயேச்சைகள் தயவில் ஆட்சி நடந்தது.

இந்த நிலையில் 1941-ல் சில மாதங்கள் லண்டனில் தங்கி, சர்ச்சிலின் போர்க்கால அமைச்சரவைக் கூட்டங்களில் உட்கார்ந்திருந்தார். ஊரில் சொந்தக் கட்சிக்காரர்களே கொதித்துப்போனார்கள். புத்திசாலிதான், ஆனால் யாரையும் மதிக்காத திமிர் என்ற குறை ரொம்ப நாளாகவே இருந்தது. 1941 ஆகஸ்டில் அவரைப் பதவி விலகவைத்தவர்கள் எதிர்க்கட்சியினர் இல்லை, கூடவே இருந்தவர்கள்தான். சில வாரங்களில் லேபர் கட்சியின் ஜான் கர்ட்டின் பிரதமரானார்.

நடுத்தர வர்க்கத்தைப் பிடித்த கதை

பெரும்பாலான அரசியல்வாதிகளுக்கு அது முடிவாக இருந்திருக்கும். மென்சீஸ் அந்த இடைவெளியில் பாடம் கற்றார். 1942-ல் வானொலியில் வாரவாரம் பேசினார். பெரும் பணக்காரர்களுக்கும் சங்கம் வைத்த தொழிலாளர்களுக்கும் நடுவில் இருக்கும் சம்பளக்காரர்கள், சிறு வியாபாரிகள், வீட்டை நிர்வகிக்கும் பெண்கள் ஆகியோரை ‘மறக்கப்பட்ட மக்கள்’ என்று அழைத்தார். சொந்த வீடு, குடும்பம், சேமிப்பு ஆகியவைதான் நாட்டின் அடித்தளம் என்றார்.

1944-ல் சிதறிக்கிடந்த பழமைவாத அமைப்புகளை ஒன்றுசேர்த்து லிபரல் கட்சியை உருவாக்கினார். பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். ஆஸ்திரேலியாவில் லிபரல் கட்சிதான் வலதுசாரிப் பக்கத்தின் முக்கியக் கட்சி.

1949 தேர்தலுக்கு முன் பிரதமர் பென் சிஃப்லியின் லேபர் அரசு வங்கிகளைத் தேசியமயமாக்கப் பார்த்துக் கைசுட்டுக்கொண்டது. போர் முடிந்தும் பெட்ரோல் ரேஷன் தொடர்ந்தது. நிலக்கரி வேலைநிறுத்தத்தால் நாடு இருளில் தவித்தது. இதையெல்லாம் சோஷலிசத்தின் முன்னோட்டம் என்று பிரசாரம் செய்த மென்சீஸ், டிசம்பரில் பெரிய வெற்றியோடு திரும்பி வந்தார்.

தடைச் சட்டத்தில் அப்படி என்னதான் இருந்தது?

1950-ல் கம்யூனிஸ்ட் கட்சிக் கலைப்புச் சட்டம் நிறைவேறியது. கட்சியைக் கலைத்துச் சொத்தைப் பறிமுதல் செய்வது அதன் ஒரு பகுதி. நிஜமான ஆபத்து இன்னொரு பகுதியில் இருந்தது.

இவர் கம்யூனிஸ்ட், நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்தானவர் என்று அரசு ஒருவரை ‘அறிவிக்கலாம்’. அறிவித்துவிட்டால் அவர் மத்திய அரசு வேலையில் இருக்க முடியாது, முக்கியத் தொழில்களின் சங்கங்களில் பொறுப்பு வகிக்க முடியாது. நான் கம்யூனிஸ்ட் இல்லை என்று நிரூபிக்கும் வேலையும் அவர் தலையிலேயே விழும். சுருக்கமா சொன்னா, குற்றம் சாட்டுபவர் நிரூபிக்கத் தேவையில்லை, சாட்டப்பட்டவர்தான் நிரூபிக்க வேண்டும். மசோதாவை அறிமுகம் செய்தபோது மென்சீஸ் நாடாளுமன்றத்தில் 53 பேரின் பெயர்ப் பட்டியலை வாசித்தார். அதில் சிலரது விவரம் தவறு என்று பிறகு அவரே திருத்த வேண்டிவந்தது. பிரதமர் கையிலிருந்த பட்டியலிலேயே பிழை என்றால், நாளைக்கு யார் பெயர் வேண்டுமானாலும் வரலாமே என்ற கேள்வி எழுந்தது.

வழக்கு உயர் நீதிமன்றம் போனது. சட்டத்தை எதிர்த்து வாதாடியவர்களில் லேபர் கட்சியின் துணைத் தலைவர் எச்.வி. எவாட்டும் ஒருவர். முன்பு அதே நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர் அவர். 1951 மார்ச் 9 அன்று, ஏழு நீதிபதிகளில் ஆறு பேர் சட்டம் செல்லாது என்றார்கள். தனக்கு அதிகாரம் தரும் சூழ்நிலை இருக்கிறதா என்பதை நாடாளுமன்றம் தானே அறிவித்துக்கொள்ள முடியாது என்பது தீர்ப்பின் சாரம். மாறுபட்டவர் தலைமை நீதிபதி ஜான் லாத்தம் மட்டுமே. மென்சீஸுக்கு முன்னால் அதே கூயோங் தொகுதியின் எம்.பி.யாக இருந்தவர் இந்த லாத்தம்.

கோர்ட்டில் தோற்றதை மக்கள் மன்றத்தில் ஜெயிக்க மென்சீஸ் கேட்டதுதான் அந்த செப்டம்பர் வாக்கெடுப்பு. ஆஸ்திரேலியாவில் அரசமைப்பைத் திருத்த நாடு முழுவதற்குமான பெரும்பான்மையும் வேண்டும், ஆறு மாநிலங்களில் நான்காவது ஒப்புக்கொள்ளவும் வேண்டும். அவருக்குக் கிடைத்தவை மூன்று மாநிலங்கள். புதிதாக லேபர் தலைவராகியிருந்த எவாட் ஊர் ஊராகச் சுற்றிச் செய்த பிரசாரம்தான் அலையைத் திருப்பியது. கம்யூனிஸ்ட்டுகளைப் பிடிக்காத லட்சக்கணக்கானவர்களும், அரசுக்கு இவ்வளவு அதிகாரம் வேண்டாம் என்று வாக்களித்தார்கள்.

பெட்ரோவ் விவகாரம்: டைமிங் தற்செயலா?

1954 ஏப்ரல் தொடக்கத்தில் கான்பெர்ராவிலுள்ள சோவியத் தூதரக அதிகாரி விளாடிமிர் பெட்ரோவ் ஆஸ்திரேலியாவிடம் தஞ்சம் புகுந்தார். அவர் உளவுத் துறை ஆள். தேர்தல் மே 29 என்று முடிவாகியிருந்தது. நாடாளுமன்றம் முடிய ஒரு நாள் இருக்கும்போது, ஏப்ரல் 13 மாலை, மென்சீஸ் செய்தியை அவையில் அறிவித்தார். எதிர்க்கட்சித் தலைவர் எவாட் அப்போது சிட்னிக்குப் போயிருந்தார். அவருக்கு முன்கூட்டியே தகவல் சொல்லப்படவில்லை.

சில நாட்களில், பெட்ரோவின் மனைவி எவ்டோகியாவை சோவியத் காவலர்கள் விமானத்துக்கு இழுத்துச் செல்லும் படம் நாடெங்கும் பத்திரிகைகளில் வந்தது. டார்வினில் விமானம் நின்றபோது அவரும் தஞ்சம் கேட்டார். தேர்தலுக்கு முன்பே உளவு விவகாரம் பற்றிய ராயல் கமிஷன் விசாரணையும் தொடங்கிவிட்டது. லேபருக்கு மொத்த வாக்கு அதிகம் விழுந்தும், மென்சீஸ் கூட்டணி 64 இடங்களோடு ஆட்சியைத் தக்கவைத்தது.

மென்சீஸ் திட்டமிட்டு நடத்திய நாடகம் இது என்று எவாட் கடைசிவரை நம்பினார். பின்னாளில் திறக்கப்பட்ட ஆவணங்கள் அந்தச் சதிக் கோட்பாட்டை உறுதிப்படுத்தவில்லை. பெட்ரோவ் தஞ்சம் புகுந்தது நிஜம், அவர் கொண்டுவந்த ஆவணங்களும் நிஜம். ஆனால் தேசப் பாதுகாப்பு விஷயத்தில் எதிர்க்கட்சித் தலைவரை இருட்டில் வைத்தது சரியா என்ற விமர்சனத்துக்கு அந்த ஆவணங்கள் பதில் சொல்லவில்லை.

எதிராளியின் பிளவு, இவருக்கு லாபம்

எவாட்டும் தன் பங்குக்குத் தவறு செய்தார். ஆவணங்கள் உண்மையா என்று சோவியத் வெளியுறவு அமைச்சர் மொலோடோவுக்கே கடிதம் எழுதிக் கேட்டதாக 1955-ல் அவையில் சொன்னார். அவையே சிரித்தது. அதே ஆண்டு லேபர் உடைந்தது. கம்யூனிச எதிர்ப்பாளர்கள், பெரும்பாலும் கத்தோலிக்கர்கள், தனியாகப் போய்ப் பின்னர் ஜனநாயக லேபர் கட்சி ஆனார்கள். மென்சீஸ் தாமதிக்காமல் முன்கூட்டியே தேர்தலை அறிவித்து அறுவடை செய்தார்.

ஆஸ்திரேலியாவில் வேட்பாளர்களை 1, 2, 3 என வரிசைப்படுத்தி வாக்களிக்க வேண்டும். முதல் விருப்பமானவர் வெளியேறினால் வாக்கு அடுத்தவருக்குப் போகும். ஜனநாயக லேபர் கட்சியின் அடுத்த விருப்ப வாக்குகள் தேர்தலுக்குத் தேர்தல் மென்சீஸ் பக்கம் போய்ச் சேர்ந்தன. லேபர் மீண்டும் ஆட்சிக்கு வர 1972 ஆனது.

1961-ல் மட்டும் கயிறு அறுந்துபோகப் பார்த்தது. கடன் கட்டுப்பாட்டால் வேலையில்லாதவர்கள் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியது. மென்சீஸ் ஒரே இடப் பெரும்பான்மையில் தப்பினார். முடிவைத் தீர்மானித்த மோர்ட்டன் தொகுதியில் அவர் கட்சி வேட்பாளர் ஜெயித்தது 130 வாக்கில். கம்யூனிஸ்ட் வேட்பாளரிடமிருந்து கைமாறி வந்த விருப்ப வாக்குகளும் அந்த வெற்றிக்குள் இருந்தன! 1963-ல் உஷாராகி மறுபடி சீக்கிரமே தேர்தல் வைத்தார். லேபர் மாநாட்டு அறைக்கு வெளியே அதன் தலைவர் காத்திருந்த புகைப்படத்தைக் காட்டி, முகம் தெரியாத 36 பேர் ஆட்டுவிக்கும் கட்சி அது என்று பிரசாரம் செய்து வசதியாக ஜெயித்தார்.

நேருவுடன் மோதல்

வெளியுறவில் அவர் உலகத்தை லண்டன் ஜன்னல் வழியாகத்தான் பார்த்தார் என்பது இன்னொரு விமர்சனம். 1956 சூயஸ் நெருக்கடியில் எகிப்து அதிபர் நாசரிடம் தூது போய் வெறுங்கையோடு திரும்பினார். பிறகு பிரிட்டன் படையெடுத்தபோது அதை ஆதரித்தார்.

1960-ல் ஐ.நா. பொதுச் சபையில், அமெரிக்க, சோவியத் தலைவர்கள் சந்தித்துப் பேச வேண்டும் என்று நேரு உள்ளிட்ட ஐந்து அணிசேரா நாட்டுத் தலைவர்கள் தீர்மானம் கொண்டுவந்தார்கள். மென்சீஸ் அதற்குத் திருத்தம் கொடுத்தார். ஆதரித்தது ஆஸ்திரேலியாவையும் சேர்த்து 5 நாடுகள், எதிர்த்தது 45. நேரு சபையிலேயே கடுமையாகச் சாடினார். தென்னாப்பிரிக்காவின் நிறவெறியை உள்நாட்டு விவகாரம் என்று மென்சீஸ் தள்ளிவைத்ததையும் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் மறக்கவில்லை.

யாரிடமும் கேட்காமல் எடுத்த முடிவுகள்

பிரிட்டன் அணுகுண்டு சோதிக்க இடம் கேட்டது. முழு அமைச்சரவையையும் கலந்து பேசாமலே மென்சீஸ் சம்மதித்தார். 1952 முதல் 1957 வரை மான்டிபெல்லோ தீவுகள், எமு ஃபீல்ட், மரலிங்கா ஆகிய இடங்களில் 12 பெரிய சோதனைகள் நடந்தன. தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த பழங்குடி மக்கள் நிலத்தைவிட்டு அப்புறப்படுத்தப்பட்டார்கள். அவர்களுடைய பாதுகாப்பில் காட்டிய அலட்சியத்தை 1985-ல் வந்த ராயல் கமிஷன் அறிக்கை கடுமையாகக் கண்டித்தது.

அடுத்தது வியட்நாம். 1964 நவம்பரில் 20 வயது இளைஞர்களுக்குக் கட்டாய ராணுவச் சேவை அறிவிக்கப்பட்டது. பிறந்த தேதியை வைத்துக் குலுக்கல். அப்போது வாக்குரிமை வயது 21. அதாவது, போருக்கு அனுப்பப்படக்கூடியவருக்கு அதை முடிவு செய்யும் அரசைத் தேர்ந்தெடுக்க உரிமை இல்லை.

1965 ஏப்ரல் 29 இரவு, தென் வியட்நாமின் வேண்டுகோளை ஏற்றுப் படை அனுப்புவதாக மென்சீஸ் அவையில் சொன்னார். உண்மையில் முடிவு அதே மாதத் தொடக்கத்திலேயே எடுக்கப்பட்டிருந்தது. முறைப்படியான கடிதம் கைக்கு வந்தது அறிவிப்புக்குச் சில மணி நேரம் முன்புதான். அந்தப் போர் முடிவதற்குள் சுமார் 60,000 ஆஸ்திரேலியர்கள் போய்வந்தார்கள். 500-க்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. அவர்களில் சுமார் 200 பேர் குலுக்கலில் பெயர் வந்தவர்கள்.

அப்போ, அவர் நல்லது எதுவுமே செய்யலையா?

செய்தார். அதைச் சொல்லாவிட்டால் 16 ஆண்டு வெற்றியே புரியாது. 1947-ல் பாதிக்குச் சற்று மேல் இருந்த சொந்த வீட்டுக்காரர்கள், 1966-ல் 70 சதவீதத்தைத் தாண்டினார்கள். 1957-ல் பல்கலைக்கழகங்களுக்கு மத்திய நிதியைப் பெருக்கிக் கதவைத் திறந்தார். தலைநகர் கான்பெர்ரா நகரமாக வளர்ந்தது அவர் காலத்தில்தான். 1957-ல் ஜப்பானோடு வர்த்தக ஒப்பந்தமும் வந்தது. அவர் ஆட்சி தொடங்கியதும் கொழும்பு நகரில் உருவான கொழும்புத் திட்டத்தின் மூலம் இலங்கை, இந்தியா, மலாயா மாணவர்கள் ஆஸ்திரேலியாவில் படிக்கப் போனார்கள்.

ஆனால் படிக்க வரலாம், குடியேற முடியாது. மொழித் தேர்வு 1958-ல் ஒழிந்தாலும், வெள்ளை ஆஸ்திரேலியா கொள்கையை அவர் கைவிடவில்லை. கதவு கொஞ்சம் திறந்தது 1966-ல், அவர் போனபிறகு.

தடை இல்லாமலே முடிந்த கட்சி

1966 ஜனவரி 26 அன்று, யாரும் தள்ளாமல், தன் விருப்பப்படி மென்சீஸ் ஓய்வுபெற்றார். ஆஸ்திரேலியப் பிரதமர்களில் அப்படிப் போனவர்கள் ரொம்பக் குறைவு. 1978 மே 15 அன்று மெல்போர்னில் காலமானார்.

அவரை பயம் காட்டியே ஜெயித்தவர் என்று மட்டும் சொன்னால் பாதி உண்மைதான். வீடு, வேலை, வளர்ச்சி ஆகியவற்றை மக்கள் கண்ணால் பார்த்தார்கள். ஆனால் நெருக்கடி வந்தபோதெல்லாம் அவர் கை நீண்டது எதிரியைச் சுட்டிக்காட்டத்தான். அவசரம் என்ற பெயரில் கேள்வி கேட்க வேண்டியவர்களை ஓரம்கட்டினார். அதன் விலையைக் கொடுத்தவர்கள் மரலிங்கா மக்களும், குலுக்கலில் பெயர் வந்த 20 வயதுக்காரர்களும்.

1951-ல் மட்டும் அந்த விலையைக் கொடுக்கும் முன்பே மக்கள் மறுத்துவிட்டார்கள். தடை தப்பிய கம்யூனிஸ்ட் கட்சி என்ன ஆனது? நாட்டைக் கவிழ்க்கவில்லை. 1956-ல் ஸ்டாலின் காலக் கொடுமைகள் வெளியானதும், ஹங்கேரிக்குள் சோவியத் டாங்கிகள் நுழைந்ததும் உறுப்பினர்கள் கூட்டமாக வெளியேறினார்கள். தேய்ந்துகொண்டே வந்து, 1991-ல் அந்தக் கட்சி தன்னைத் தானே கலைத்துக்கொண்டது. அதற்கு எந்தத் தடைச் சட்டமும் தேவைப்படவில்லை.